1, 2 வகுப்புகளுக்கு ஆங்கிலப் பாடம் திட்டமிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் தமிழ்வழிப் பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்களுக்கானது. வீட்டில் ஆங்கிலம் பேசாத ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகள், 40 நிமிடப் பாடவேளை, வகுப்பில் சுமார் 30 பேர் என்று வைத்துக்கொண்டு விடைகள் எழுதப்பட்டுள்ளன. ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருப்பது ஆசிரியர் படிப்பதற்காக மட்டுமே. கரும்பலகையில் அப்படி எழுதக் கூடாது. காரணம் கீழே வருகிறது.

ஏ, பி, சி, டி-யில் இருந்துதானே தொடங்க வேண்டும்?

வேண்டாம். முதல் ஆறு முதல் எட்டு வாரம் காதுக்கும் வாய்க்கும் உரியவை. எழுத்து அதன் பிறகுதான்.

தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றே. 'க' என்று பெயர் சொன்னாலே ஒலியும் வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தையும் பெயர்களில் இருந்து தொடங்கிவிடுகிறோம். ஆனால் 'எச்' என்ற பெயருக்குள் 'ஹ்' என்ற ஒலி இல்லை. 'டபிள்யூ' என்ற பெயரைக் கேட்டு 'வாட்டர்' என்ற சொல்லை எந்தக் குழந்தையும் படித்துவிட முடியாது. 26 எழுத்தையும் ராகத்தோடு ஒப்பிக்கும் குழந்தை மூன்றெழுத்துச் சொல் ஒன்றைக் காட்டினால் விழிப்பது இதனால்தான். பாட்டாகப் பாடட்டும், தவறில்லை. அதையே பாடமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பாடவேளையில் எத்தனை சொற்கள் கற்பிக்கலாம்?

ஒன்றாம் வகுப்பில் ஐந்து அல்லது ஆறு, இரண்டாம் வகுப்பில் எட்டு. அவற்றில் குறைந்தது இரண்டு குழந்தைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருக்கட்டும். சொற்களை விட முக்கியம், அவை வந்து உட்காரும் வாக்கியம். ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு வாக்கிய அமைப்பு போதும். 'இட் இஸ் எ பென்' என்பது இன்றைய அமைப்பு என்றால் 'திஸ் இஸ் மை பென்' இன்னொரு நாளுக்கு.

பாடக்குறிப்பு எழுதும்போது முதலில் அந்த வாக்கியத்தை எழுதுங்கள். பிறகு அதில் பொருந்தும் சொற்களைத் தேர்ந்தெடுங்கள். எல்லாச் சொற்களும் அந்த வாக்கியத்தில் அப்படியே உட்கார வேண்டும். பென், புக், பேக், பாக்ஸ், கேப், பால் (பந்து) ஆறுக்கும் முன்னால் 'எ' போடலாம். அவற்றோடு ஆப்பிள், எக், அம்பரெல்லா சேர்ந்தால் 'ஆன்' தேவைப்படும். வாட்டர், மில்க் வந்தால் 'எ'யே வராது. சிஸர்ஸ் வந்தால் 'இட் இஸ்' என்பதே மாறிவிடும். ஒரு சொல்லைக் கவனிக்காமல் சேர்த்ததால் முழுப் பாடமும் குழம்புவது இப்படித்தான். 'ஆன்' வரும் சொற்களை முதல் மாதம் தள்ளி வையுங்கள்.

எந்தச் சொற்களில் இருந்து தொடங்குவது?

குழந்தைகளின் நாக்கில் ஏற்கெனவே இருக்கும் சொற்களில் இருந்து. பஸ், பேக், சோப்பு, பிரஷ், லைட்டு, ஃபேன், சைக்கிள், பிஸ்கட், கேக், பால், டீச்சர் என்று ஒரு தமிழ்க் குழந்தை ஆங்கிலச் சொற்களோடுதான் பள்ளிக்கு வருகிறது. 'இதெல்லாம் உனக்கு முன்பே தெரிந்த ஆங்கிலம்' என்று சொல்லும் முதல் நாள் வகுப்பு, பயத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். இதில் வேலை இரண்டு. கடைசியில் ஒட்டும் 'உ'வை எடுக்க வேண்டும்: 'புக்கு' இல்லை, 'புக்', 'லைட்டு' இல்லை, 'லைட்'. 'கரண்ட் போயிடுச்சு' போல நம் ஊரில் பொருள் நகர்ந்துவிட்ட சொற்களை இப்போதைக்குத் தொடாமல் விட வேண்டும்.

ஒன்று எச்சரிக்கை. ஒரே இனச் சொற்களை மொத்தமாகக் கொட்டாதீர்கள். பத்து நிறங்களை ஒரே நாளில் கற்பித்தால் மறுநாள் புளூவும் பிளாக்கும் இடம் மாறி நிற்கும். இரண்டு நிறம், அந்த நிறத்தில் இரண்டு பொருள், ஒரு செயல் என்று கலந்து கொடுத்தால் சொற்கள் ஒன்றோடொன்று மோதாது. எதிர்ச்சொற்களும் அப்படியே. லெஃப்ட், ரைட் இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக் கொடுத்தால் எது எது என்ற குழப்பம் மாதக்கணக்கில் நிற்கும். ஒன்றை உறுதியாக்கி, ஒரு வாரம் கழித்து மற்றதைக் கொண்டுவாருங்கள்.

40 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? ஒரு மாதிரிப் பாடம் தர முடியுமா?

'பைக்குள் என்ன?' என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். வாக்கியம்: 'இட் இஸ் எ …'. சொற்கள் மேலே சொன்ன ஆறு. தேவையானவை ஒரு துணிப்பையும் அந்த ஆறு பொருள்களும். படம் வேண்டாம், கையில் எடுக்கக்கூடிய பொருள் இருக்கும்போது படம் இரண்டாம் தரம்தான்.

முதல் 5 நிமிடம் நேற்றைய சொற்கள். புதிதாக எதுவும் சொல்லாமல், நேற்றைய பொருளை எடுத்துக் காட்டினாலே குழந்தைகள் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் இன்று ஆறு புதுச் சொல் வேண்டாம், மூன்று போதும் என்று அப்போதே முடிவெடுங்கள்.

அடுத்த 7 நிமிடம் கேட்பது மட்டும். பையில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மூன்று முறை தெளிவாகச் சொல்லி, மேசையில் இடைவெளி விட்டு வையுங்கள். பிறகு நீங்கள் பெயர் சொல்ல, குழந்தைகள் விரல் நீட்டட்டும். 'ரிப்பீட் ஆஃப்டர் மி' இந்தக் கட்டத்தில் வேண்டாம். வாய் அவசரப்பட்டால் காது சரியாகக் கேட்காது.

அதற்கடுத்த 8 நிமிடம் கேட்டுச் செய்வது. 'டச் தி புக்', 'கிவ் மி தி கேப்', 'புட் தி பால் இன் தி பேக்'. முதல் இரண்டு முறை நீங்களே செய்து காட்டுங்கள். சொல்லைக் கேட்டு உடலால் பதில் தரும் இந்த முறையில், பேசத் தயங்கும் குழந்தையும் தனக்குப் புரிந்ததைக் காட்டிவிடும்.

நடுவில் உள்ள 10 நிமிடம்தான் பாடத்தின் உயிர். பொருள்களைப் பைக்குள் போடுங்கள். ஒரு குழந்தை கண்ணை மூடிக் கைவிட்டுத் தடவிப் பார்க்க, வகுப்பு 'வாட் இஸ் இட்?' என்று கேட்கட்டும். குழந்தை 'இட் இஸ் எ பால்' என்று சொல்லி வெளியே எடுத்துக் காட்டட்டும். ஐந்தாறு பேர் முன்னால் வந்து செய்த பிறகு, மீதி நேரத்துக்கு இருவர் இருவராகப் பிரித்து அவரவர் பையில் இருப்பதை வைத்து விளையாட விடுங்கள். இரைச்சல் இருக்கும். முப்பது பேரும் பேசினால் வரும் இரைச்சல்தான் அது, அடக்க வேண்டாம்.

பிறகு 7 நிமிடம் சிலேட்டில் ஒரு பொருளை வரைந்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது. கடைசி 3 நிமிடத்தில் வரிசை வரிசையாக எழுந்து, ஒவ்வொருவரும் ஒரு பொருளின் பெயரைச் சொல்லிவிட்டு இடத்துக்குத் திரும்பட்டும். யார் திணறினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்கிறார்கள். தனியாகக் கேட்டால் வரவில்லை. ஏன்?

கூட்டாகச் சொல்லும்போது நான்கைந்து குரல்தான் உண்மையில் சொல்கிறது. மற்றவை ராகத்தைப் பின்தொடர்கின்றன. 'எஸ் மிஸ்' என்ற பதிலும் அப்படியே. முழு வகுப்பு, வரிசை, ஜோடி, தனி ஆள் என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். முழு வகுப்புக் கட்டம் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இன்னொரு வழி, கேள்வியின் வரிசையைக் கலைப்பது. ஒரே வரிசையில் பொருளைக் காட்டினால் குழந்தைகள் வரிசையை மனப்பாடம் செய்கிறார்கள், சொல்லை அல்ல.

தமிழில் பொருள் சொல்லலாமா?

சொல்லலாம், ஒரே ஒரு முறை. காட்ட முடிந்த சொல்லுக்குத் தமிழ் தேவையே இல்லை. 'ஷேர்', 'வெயிட்', 'டர்ன்' போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் சொல்லி, தமிழில் ஒருமுறை பொருள் தந்து, மறுபடி ஆங்கிலத்தில் சொல்லி முடியுங்கள். கடைசியாகக் காதில் விழுவது ஆங்கிலமாக இருக்கட்டும். விளையாட்டின் விதியைத் தாராளமாகத் தமிழில் விளக்குங்கள். அதை ஆங்கிலத்தில் விளக்கிப் பத்து நிமிடம் வீணாக்குவதில் பயன் இல்லை.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உடனே தமிழ் சொன்னால் என்ன ஆகும் என்றால், குழந்தை ஆங்கிலத்தைக் கேட்பதையே நிறுத்திவிடும். எப்படியும் தமிழ் வரப்போகிறது என்று காத்திருக்கும்.

ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிக் கொடுத்தால் சுலபமாகப் படிப்பார்களே?

அந்தச் சுலபம்தான் கெடுதல். கண் தெரிந்த எழுத்துக்குப் போகும், ஆங்கில எழுத்தைப் பார்க்கவே பார்க்காது. பெற்றோரும் வீட்டில் இப்படி எழுதித் தருகிறார்கள். அன்போடு கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ் எழுத்தில் 'ப' ஒன்றுதான். எறும்பைக் குறிக்கும் 'ஆன்ட்' என்ற சொல்லில் ப வராததால் தொல்லை இல்லை. ஆனால் குண்டூசியைக் குறிக்கும் சொல்லையும் குப்பைத் தொட்டியைக் குறிக்கும் சொல்லையும் எழுதினால் இரண்டுமே 'பின்'தான். கேப், கேட், டென் எல்லாவற்றிலும் இதே கதை.

உச்சரிப்பில் எதைத் திருத்துவது, எதை விடுவது?

பொருளை மாற்றும் பிழையை மட்டும் திருத்துங்கள். தமிழ் பேசும் குழந்தைக்கு முக்கியமான இடங்கள் மூன்று.

முதலாவது, வல்லினத்தின் இரட்டை ஒலி. 'பல்' என்ற சொல்லில் வரும் ப வேறு, 'தம்பி'யில் வரும் ப வேறு. 'பட்டம்', 'வண்டி' இரண்டிலும் உள்ள ட-வும் 'பக்கம்', 'தங்கம்' இரண்டிலும் உள்ள க-வும் அப்படியே. ஆகவே ஆங்கிலத்துக்கு வேண்டிய ஒலிகள் குழந்தையின் வாயில் முன்பே இருக்கின்றன. மெல்லினத்துக்குப் பின்னால் வந்து பழகிய ஒலியைச் சொல்லின் முதலில் கொண்டுவருவதுதான் புதிது. 'தம்பி, தம்பி' என்று சொல்ல வைத்து, 'தம்' என்பதை மெல்ல விழுங்கி, மிஞ்சும் ஒலியோடு 'பிக்', 'பஸ்' சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வும் தெரியும். 'பென்' சொல்லும்போது உதட்டருகே பிடித்த மெல்லிய காகிதம் அசையும், படுக்கையைக் குறிக்கும் 'பெட்' சொன்னால் அவ்வளவாக அசையாது. குழந்தைகளுக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும்.

இரண்டாவது, முதலில் ஒட்டும் ஒலி. 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆவதும் 'எக்' 'யெக்' ஆவதும் நம் பேச்சு வழக்கால் வருபவை. 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு போல நீட்டி அப்படியே 'கூல்' சேர்க்கச் சொன்னால் முன்னால் உள்ள இ விழுந்துவிடும்.

மூன்றாவது ஃபேன், ஃபிஷ், ஃபைவ். மேல்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். உதடு இரண்டும் ஒட்டினால் 'பேன்' என்று தலையில் ஊர்வது வந்துவிடும்.

'திஸ்', 'தட்' சொற்களுக்கு 'அது' என்பதில் வரும் த போதும், மிக நன்றாகவே போதும். வெளிநாட்டு உச்சரிப்பைப் பழக்க நேரம் செலவிட வேண்டாம்.

ஒலியும் எழுத்தும் எப்போது, எந்த வரிசையில்?

தமிழில் மெய்யெழுத்து தெரிந்த பிறகு. காரணம் நுட்பமானது. தமிழ்க் குழந்தை முதலில் படிப்பது 'ப', 'ட', 'ன' என்று அகரம் ஏறிய எழுத்து. ஆங்கில எழுத்தோ புள்ளி வைத்த மெய் போன்றது. 'இந்த எழுத்து ப இல்லை, ப்' என்று சொன்னால், புள்ளியின் வேலை தெரிந்த குழந்தை உடனே பிடித்துக்கொள்ளும். புள்ளி தெரியாத குழந்தை 'ப-இ-ன' என்று படித்து நிற்கும்; அந்த மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் சொல் வராது. ஆசிரியரே 'பு', 'னு' என்று சொல்லிக் கொடுத்தாலும் அதே கதிதான்.

அகர வரிசை வேண்டாம். எஸ், ஏ, டீயில் வரும் டி, பென்னில் வரும் பி, ஐ, என் என்ற ஆறை முதலில் எடுப்பது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். இந்த ஆறை வைத்தே உட்காரச் சொல்லும் 'ஸிட்', குண்டூசி 'பின்', தகரம் 'டின்', குழாய் 'டேப்', எறும்பு 'ஆன்ட்' என்று உண்மையான சொற்கள் கிடைக்கும். மூன்றாம் வாரத்தின் இறுதியிலேயே குழந்தை ஒரு சொல்லைத் தானாகப் படித்துவிடும். எஸ், எம், என் ஒலிகளை நீட்ட முடியும் என்பதால் சேர்த்துப் படிக்கப் பழக அவை தொடங்கும் சொற்கள் நல்லவை.

வாரத்துக்கு இரண்டு எழுத்து, 13 வாரத்தில் 26. சின்ன எழுத்து முதலில், ஏனென்றால் புத்தகத்தில் கண்ணில் படுவதில் பெரும்பகுதி அதுதான். பெரிய எழுத்து அவரவர் பெயரின் முதலெழுத்துக்கு மட்டும் இப்போது போதும். வயிறு இடமா வலமா என்று குழப்பும் சின்ன பி, டி இரண்டையும் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விட்டுக் கற்பியுங்கள். ஏழு வயது வரை அவற்றை மாற்றி எழுதுவது சாதாரணம். பயப்படவும் தண்டிக்கவும் வேண்டாம்.

'ஐ', 'தி', 'யூ', 'திஸ்' போன்ற சில சொற்களை முழுச் சொல்லாகவே காட்டிப் பழக்குங்கள், வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு.

நான்கு கோடு நோட்டில் சேர்த்தெழுதுதல் உடனே தொடங்கலாமா?

வேண்டாம். தனித்தனி எழுத்து முதலில். படிக்கும் புத்தகத்தில் ஓர் உருவம், எழுதும் நோட்டில் இன்னொரு உருவம் என்றால் குழந்தை 52 அல்ல, 104 வடிவங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். காற்றில், மணலில், சிலேட்டில், பிறகு நோட்டில் என்று போகலாம். எழுத்து எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் முதல் நாளே சரி செய்யுங்கள். கீழிருந்து மேலே எழுதிப் பழகிய கையைப் பிறகு மாற்றுவது கடினம்.

'பத்து முறை எழுதி வா' என்ற வீட்டுப்பாடத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். குழந்தை முதல் எழுத்தைப் பத்து முறை கீழே கீழே எழுதி, அடுத்து இரண்டாம் எழுத்தைப் பத்து முறை எழுதும். சொல் அதன் மனத்தில் ஒருமுறைகூட நுழையாது.

ஈராசிரியர் பள்ளி. மூன்று வகுப்பும் ஒரே அறையில். இந்தத் திட்டம் நடக்குமா?

நடக்கும், வகுப்பு வாரியாக அல்லாமல் நிலை வாரியாகப் பிரித்தால். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் 1 முதல் 3 வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைகளில் பார்ப்பது இதற்கு வசதி. கேட்பதும் பேசுவதுமான முதல் 20 நிமிடம் எல்லோருக்கும் ஒன்றே. அதே பைதான், கேள்விதான் மாறும். அரும்புக் குழந்தை விரல் நீட்டும், மொட்டுக் குழந்தை 'இட் இஸ் எ பால்' என்று சொல்லும், மலர்க் குழந்தை 'இட் இஸ் எ ரெட் பால்' என்று சொல்லும். மீதி 20 நிமிடத்தில் ஒரு குழு உங்களோடு, மற்ற இரண்டும் பயிற்சி நூலோடு அல்லது அட்டை விளையாட்டோடு. ஒவ்வொரு நாளும் வேறு குழு உங்களோடு உட்காரட்டும்.

ஒரு குழந்தை வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

காத்திருங்கள். புது மொழியில் சில வாரம், சிலருக்கு ஒரு பருவம் முழுவதும்கூட, கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. 'டச் தி புக்' என்றால் சரியாகத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் பாடம் உள்ளே போகிறது. எழுந்து நின்று சொல்லச் சொல்லாமல், ஆம் இல்லை என்று தலையாட்டினால் போதும் எனத் தொடங்கி, பிறகு ஒற்றைச் சொல் விடைக்கு வாருங்கள். சொன்னதைச் செய்வதும் இல்லை, தமிழில் பேசினாலும் திரும்புவதில்லை என்றால் காது கேட்பதைச் சோதிக்கப் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

'திஸ் பென்', 'ஐ மேங்கோ லைக்' என்கிறார்கள். எப்படித் திருத்துவது?

இவை கவனக்குறைவு அல்ல, தமிழ் இலக்கணம். 'இது பேனா' என்பது தமிழில் முழு வாக்கியம். 'இஸ்' என்பதற்கு அங்கே இடமே இல்லை. 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்பதில் வினை கடைசியில் வருகிறது. 'டேபிள் ஆன்' என்பது 'மேசை மேல்' என்பதன் நேர் வடிவம். ஆகவே விதி சொல்லித் திருத்தினால் பயன் இல்லை. குழந்தை 'திஸ் பென்' என்றால், 'ஆமாம், திஸ் இஸ் எ பென்' என்று மகிழ்ச்சியோடு முழுமையாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகருங்கள்.

வாக்கிய வரிசைக்கு ஆள் வரிசை உதவும். ஒரு சொல்லுக்கு ஒரு குழந்தை என நான்கு பேரை அட்டையோடு நிறுத்துங்கள். 'இஸ்' அட்டை வைத்திருப்பவர் உட்கார்ந்தால் வாக்கியத்தில் ஓட்டை தெரியும்.

துணைக்கருவிகள் எப்படித் தயாரிப்பது?

ஏ4 அளவுத் தடித்த தாளை இரண்டாக வெட்டினால் இரண்டு மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு). ஒருபக்கம் படம், மறுபக்கம் சொல். ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தால் எழுத்து வரும் முன் அந்த அட்டையைப் பயன்படுத்த முடியாது, எழுத்து வந்த பின் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எழுத்தின் உயரம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், கறுப்புத் தடித்த பேனாவில். மஞ்சளும் வெளிர்பச்சையும் கடைசி வரிசைக்குத் தெரியாது. எழுதியதும் அறையின் கடைசி மூலைக்குப் போய் நீங்களே படித்துப் பாருங்கள்.

தேர்வு வைக்காமல் எப்படி மதிப்பிடுவது?

நாளைக்கு ஐந்து குழந்தைகள் போதும். 30 பேர் என்றால் ஆறு நாளில் ஒரு சுற்று முடியும். விளையாட்டின் நடுவிலேயே கவனித்து, ஒரு நோட்டில் பெயருக்கு எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: கேட்டுச் செய்கிறார், உதவியோடு சொல்கிறார், தானாகச் சொல்கிறார். ஒரு சொல்லை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என மூன்று முறை கேட்டுச் சரியாக வந்தால்தான் அது தெரிந்த சொல். வெள்ளிக்கிழமைப் பாடவேளையில் புதுச் சொல் எதுவும் வேண்டாம். வாரத்தின் சொற்களையெல்லாம் அன்று மறுபடி விளையாடுங்கள்.

எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே என்று பெற்றோர் சொல்கிறார்கள்.

தெரிய வேண்டியதில்லை. 'இன்னிக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லிக் கொடு' என்று தினமும் இரண்டு நிமிடம் கேட்டால் போதும். குழந்தை சமையலறையில் உள்ள தட்டையும் கரண்டியையும் காட்டி ஆசிரியராகிவிடும். தவறா சரியா என்று அவர்கள் பார்க்க வேண்டாம், அக்கம்பக்கத்துக் குழந்தையோடு ஒப்பிடவும் வேண்டாம். இதைப் பள்ளி திறந்த முதல் மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். நோட்டில் எழுத்து ஏறாத முதல் எட்டு வாரத்தில் 'ஒன்றுமே சொல்லித் தரவில்லையா' என்ற கேள்வி அவர்களிடமிருந்து நிச்சயம் வரும். அப்போது நோட்டைக் காட்டாமல், குழந்தையைக் கூப்பிட்டுப் பையை அதன் கையில் கொடுங்கள்.